பழைய வண்டியின் கட்சி

"இந்தக் கிழட்டு வண்டியைக் கட்டிக்கொண்டு ஏன் ஐயா மாரடிக்கிறீர்?" என்று என்னைக் கேட்காத நண்பர்கள் குறைவு. வீட்டிலும் அதே பல்லவிதான். நான் வைத்திருப்பது 1983-ஆம் வருஷத்து அம்பாஸடர், மார்க் 4. அப்பா வாங்கியது. ஆளுக்கு ஆள் பதில் சொல்லி அலுத்துவிட்டதால், எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

எதிர்க்கட்சிக்குச் சேர வேண்டியதை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். புது வண்டிகள் பத்திரமானவை. அதில் சந்தேகமே இல்லை. என் வண்டியில் நாலு சக்கரத்துக்கும் பழைய டிரம் பிரேக்குகள்தாம். 2019 ஜூலையிலிருந்து புதுக் கார்களில் ஓட்டுகிறவருக்குக் கட்டாயமாக்கப்பட்ட காற்றுப்பை, என் வண்டி கனவிலும் காணாதது. பெட்ரோலைக் குடிக்கும், புகையைக் கக்கும். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், "ஓட்டுகிற சுகமும் புது வண்டியில்தான் அதிகம்" என்று ஒரு வார்த்தை கூடச் சேர்த்துச் சொல்கிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

போன தை மாதத்தில் பூநாரை பார்க்கவென்று பழவேற்காட்டுக்கு இரண்டு தடவை போனேன். முதல் தடவை நண்பர் ஒருவரின் புத்தம் புது வண்டியில். "நீரே ஓட்டிப் பாரும், அப்புறம் பேசும்" என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். சாவி என்று பெயர்தான். அதை எதிலும் நுழைக்க வேண்டியதில்லை. கியர் தானே மாறிக்கொண்டது. ஸ்டியரிங் ஒரு விரலுக்குத் திரும்பிற்று. தச்சூர் கூட்டுரோட்டில் கல்கத்தா சாலையை விட்டுத் திரும்பி, பொன்னேரியைத் தாண்டி, ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியில் மேடு எது, பள்ளம் எது, தார் எங்கே முடிந்து மணல் எங்கே தொடங்கிற்று என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

"தெரியாமல் இருப்பதுதானே சௌகரியம்?" என்றார் நண்பர்.

அடுத்த வாரம் அதே சாலையில் என் வண்டியில் போனேன். ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும் கியர்க் கம்பியை எப்போது மாற்றுவது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். 1489 சி.சி. இஞ்சின் களைத்தால் முனகும். அந்த முனகலுக்கு மரியாதை கொடுத்து மூன்றாவதுக்கு இறங்க வேண்டும். பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும் என்பதால் கண் ஒரு பர்லாங் முன்னாலேயே போய், சைக்கிள்காரனையும் மாட்டையும் விசாரித்துக்கொண்டு வரும். இடது சக்கரம் ஓரத்து மணலில் இறங்கினால் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். முன்பக்கத்து முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி வைத்தேன். ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே கருவாட்டு வாசனை உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. (என் மனைவிக்கு இந்தக் கடைசி அம்சம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.)

ஏரியில் ஒரு பெரியவர் கழி ஊன்றிப் படகு தள்ளினார். பழவேற்காடு ஏரி பரப்பில்தான் பெரியது. பல இடங்களில் ஆழம் இடுப்பளவுதான். கழியை ஊன்றும்போதே, "இங்க சேறு... இது மணலு... இது கிளிஞ்சல்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"பார்க்காமலே எப்படித் தெரிகிறது, பெரியவரே?"

"கோலு சொல்லுது சார். இஞ்சினுக்கு இன்னா தெரியும்? விசிறி சேத்துல மாட்டினாத்தான் அதுக்குத் தெரியும்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருஷமாக நான் சொல்லத் தவித்ததை மனிதர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்! அந்த உற்சாகத்தில் என் கார் புராணத்தை அவிழ்த்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "என் பையன் கடலுக்குப் போறான் சார். இஞ்சின் இல்லாம முகத்துவாரத்தைத் தாண்டி இன்னிக்கு எவன் போவான்? நீங்க ஆசைக்கு ஓட்டுறீங்க. நாங்க வவுத்துக்கு ஓட்டுறோம்."

சுருக்கென்றுதான் இருந்தது. அவர் மகனைப் பாய்க்கும் துடுப்புக்கும் திரும்பச் சொல்ல எனக்கு என்ன யோக்யதை? என் சண்டை அவரோடு அல்ல. ஆசைக்கென்றே லட்சக்கணக்கில் கொட்டி, "ஓட்டுவதன் இன்பம்" என்ற விளம்பரத்தை நம்பி, கைக்கும் காலுக்கும் காதுக்கும் இருந்த வேலையையெல்லாம் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்துவிட்டு, மிச்சம் இருப்பதற்கு இன்பம் என்று பெயர் வைக்கிறார்களே, அவர்களோடுதான். பல்லக்கில் போவதும் சுகந்தான். அதற்காகப் பல்லக்கில் இருப்பவன் நடந்தான் என்று சொல்லலாமா?

திரும்பும்போது ஊர் எல்லையில் வண்டி நின்றுவிட்டது. மறைக்காமல் சொல்கிறேன். பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி போட்டுப் பார்த்தேன், மசியவில்லை. படகு இஞ்சின்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஓர் இளைஞர் வந்தார். கார்புரேட்டரைக் கழற்றினார், வாயால் ஊதினார், மாட்டினார். கிளம்பிற்று. முந்தின வாரம் நண்பர் வண்டியில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்ததற்கு, நாங்கள் மூன்று மணி நேரம் டெலிபோனோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, இன்னொரு வண்டியின் முதுகில் ஏறித்தான் பட்டணம் சேர்ந்தோம்.

உத்தரபாராவில் அம்பாஸடர் உற்பத்தி 2014-இல் நின்றது. 2017-இல் பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு ஒரு பிரெஞ்சுக் கம்பெனி வாங்கிற்று. 15 வருஷம் கடந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். 2023-இல் முணுமுணுத்துக்கொண்டே கட்டினேன். அடுத்த தவணை 2028. அதற்குள் வண்டியை விற்றுவிட வேண்டும் என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. நான் மட்டும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.