இலைக்கு ஊட்டுவது

மந்தாரக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை தொட்டியில் வளர்ந்தது. சுரங்கமும் இரண்டாம் அனல்மின் நிலையமும் பக்கத்திலேயே இருப்பதால், வாசலில் வைத்தால் இலைமேல் சாம்பல் படிகிறது என்று அம்மா அதைக் கூடத்துச் சன்னலோரம் நகர்த்தி வைத்தார். இரண்டு மாதத்தில் தளிர்கள் வெளுக்கத் தொடங்கின. இலை மஞ்சளாக, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தன. இரும்புச்சத்துக் குறைவு என்று எவரும் சொல்லிவிடக்கூடிய அடையாளம் அது. உரக்கடைக்காரர் இலையில் தெளிக்கும் ‘டானிக்’ ஒன்றைக் கொடுத்தார். தெளித்தேன். பத்து நாட்களில் பச்சை திரும்பியது. வீட்டில் எனக்கு ஒரு மரியாதையும் வந்து சேர்ந்தது.

அடுத்து வந்த தளிர் மறுபடி வெளுத்தது. இம்முறை அளவைக் கூட்டித் தெளித்தேன். இலை நுனிகள் கருகின. கடைசியில் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. அடித்துளை அடைபட்டு, நீர் வடியாமல் மண் சேறாகி, மூக்கைப் பொத்தும் நாற்றம். வேர்கள் பழுப்பேறி, விரலால் நசுக்கினால் தோல் கழன்று வந்தன. அம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏம்ப்பா, சோறு இறங்காதவனுக்குக் குளுக்கோஸ் ஏத்தலாம். குளுக்கோஸே சோறுன்னு இருந்துட்டா எப்படி?”

இலைவழி ஊட்டம் பற்றி நான் பிறகு படித்தவை எல்லாம் இந்த வாக்கியத்தின் விரிவுரைகளாகவே எனக்குத் தோன்றுகின்றன. எனினும் அதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. அதன் நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்.

1840களில் பிரான்சு நாட்டில் யூசேப் கிரி என்பவர், வெளுத்துப்போன இலைகளில் இரும்பு உப்புக் கரைசலைத் தடவினால் பச்சை மீள்வதைக் காட்டினார். 1916இல் ஹவாய்த் தீவில் மஞ்சளித்துக் கிடந்த அன்னாசித் தோட்டங்களை இதே இரும்பு சல்பேட்தான் காப்பாற்றியது. அங்கே மண்ணில் இரும்பு இல்லாமலில்லை. மாங்கனீசு மிகுந்த அந்த மண்ணில் செடியால் இரும்பை எடுத்துக்கொள்ள முடியவில்லை. 1950களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டியூக்கி, விட்வர் ஆகியோர் கதிரியக்கத் தனிமங்களை இலையில் இட்டு, அவை செடிக்குள் எங்கெங்கே செல்கின்றன என்று பின்தொடர்ந்தனர். இலை உண்ணும் என்பதில் அதன் பிறகு ஐயத்துக்கு இடமில்லை.

ஆனால் அது எப்படி உண்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இலையின் மேல் மெழுகுப் படலம் ஒன்று உண்டு. நீர் வெளியேறாமல் காப்பதே அதன் வேலை. ஆகவே உள்ளே வருவதையும் அது தடுக்கும். மின்னேற்றம் இல்லாத சிறு மூலக்கூறான யூரியா சில மணி நேரத்தில் நுழைந்துவிடும். மற்றவை தயங்கித் தயங்கித்தான் நுழையும். நுழைந்தபின் எல்லாம் ஒரே மாதிரி நகர்வதும் இல்லை. தழைச்சத்தும் மணிச்சத்தும் இலையிலிருந்து வேறிடம் போகும். சுண்ணாம்புச்சத்து விழுந்த இலையிலேயே தங்கிவிடும். இரும்பும் பெரிதாக நகராது. நான் தெளித்த பழைய இலை பச்சையாகவும், நாளை பிறந்த தளிர் மஞ்சளாகவும் இருந்ததன் காரணம் இதுதான். செறிவைக் கூட்டினால் உப்பு இலையிலிருந்தே நீரை உறிஞ்சிக் கருக்கிவிடும். இலைத் தெளிப்பில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவைத் தாண்டாதிருப்பதும், வெயில் தாழ்ந்தபின் தெளிக்கச் சொல்வதும் இதனால்தான். இலையின் வாய் அவ்வளவு சிறியது.

அந்தச் சிறிய வாய்க்கும் உரிய வேளை உண்டு. எங்கள் கடலூர் மாவட்டத்திலேயே காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கம் போனால் அதைப் பார்க்கலாம். சம்பா அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன், நிற்கும் நெல்லுக்கிடையே உளுந்தை விதைத்துவிடுவார்கள். நெல் போனபின் மிஞ்சிய ஈரத்தில் உளுந்து வளரும். உழவும் இல்லை, பாசனமும் இல்லை. மண்ணில் உரமிட்டால் கரைந்து வேருக்குப் போக நீர் இருக்காது. பூக்கும் நேரத்தில் ஈரமும் வற்றி, வேரின் சுறுசுறுப்பும் குறைந்துவிடும். பூ உதிரும். அங்கேதான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இரண்டு விழுக்காடு டி.ஏ.பி. கரைசலைப் பரிந்துரைக்கிறது. முந்தைய நாள் ஊறவைத்து, தெளிந்த நீரை இறுத்து, பூக்கத் தொடங்கும்போது ஒருமுறையும் பதினைந்து நாள் கழித்து மறுமுறையும் தெளிக்க வேண்டும். பூ நிற்கும், காய் பிடிக்கும். ஏக்கருக்கு நான்கைந்து கிலோ உரம். எளிய மனிதர்களுக்கு எட்டும் நல்ல அறிவியல் இது. ஆனால் அங்கும் உளுந்துக்குத் தேவையான தழைச்சத்தில் பெரும்பங்கைச் சேர்த்துத் தருவது அதன் வேர்முடிச்சுதான். வேர் செய்து முடித்த வேலைக்குக் கடைசியில் ஒரு கைகொடுப்பதோடு தெளிப்பின் பணி நின்றுவிடுகிறது.

இந்த எல்லையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் காலத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2021இல் இஃப்கோ நிறுவனம் நானோ யூரியாவை வெளியிட்டது. அரை லிட்டர் குப்பி ஒன்று, 45 கிலோ யூரியா மூட்டைக்கு ஈடு என்றார்கள். பள்ளிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மூட்டையில் 46 விழுக்காடு தழைச்சத்து, அதாவது 20 கிலோவுக்குச் சற்று மேல். அன்றைய குப்பியில் நான்கு விழுக்காடு, அதாவது 20 கிராம். ஆயிரத்தில் ஒரு பங்கு. மூட்டை யூரியாவில் பாதிக்கு மேல் வீணாகிறது என்பது உண்மைதான். முக்கால்வாசி வீணானது என்றே வைத்துக்கொண்டாலும் பயிருக்குச் சேர்வது ஐந்து கிலோ. தானியத்தில் உள்ள புரதம் தழைச்சத்தால் ஆனது. கிராமைக் கொடுத்து கிலோவை அறுவடை செய்ய இயற்கையில் வழி இல்லை. 2023இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபிராங்க், ஹூஸ்டட் என்ற ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியை ஆய்விதழில் எழுப்பினார்கள். பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழக வயல் ஆய்வில், மண்ணுக்கு இடும் யூரியாவில் ஒரு பகுதியைக் குறைத்து நானோ தெளித்தபோது நெல், கோதுமை இரண்டிலும் விளைச்சல் குறைந்தது. பிறகு குப்பியின் செறிவு கூட்டப்பட்டது. எவ்வளவு கூட்டினாலும் அரை லிட்டர் குப்பிக்குள் இருபது கிலோ அடங்காது.

இயற்கை வேளாண்மை அன்பர்கள் இதைக் கேட்டு மகிழ வேண்டாம். மூன்று விழுக்காடு பஞ்சகவ்யம் தெளித்தால் போதும், நிலத்துக்கு வேறொன்றும் வேண்டாம் என்று பேசுகிறவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். தொழுவுரமும் தழையுரமும் இட்டு மண்ணைப் பேணுபவர் பஞ்சகவ்யம் தெளித்துப் பயன் பெற்றால் அதை நம்புகிறேன். மண்ணை விட்டுவிட்டுக் குப்பியை மட்டும் நம்புகிறவர் கம்பெனி மாறியிருக்கிறாரே ஒழிய வழி மாறவில்லை.

நெய்வேலியில் இருந்துகொண்டு இதை எழுதும்போது வேறொன்றும் உறுத்துகிறது. எங்கள் ஊரின் பழுப்பு நிலக்கரி, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைந்த காடு. அதைக் காரத்தில் கரைத்தால் ஹியூமிக் அமிலம் கிடைக்கிறது. மண்ணுக்கும் இலைக்கும் ஏற்றது, வேர் வளர்ச்சியைத் தூண்டுவது என்று அது குப்பிகளில் வருகிறது. நல்ல பொருள்தான். ஆனால் அந்தக் கரியை எடுப்பதற்காக, அதன் அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்தும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுரங்கமே மூழ்கிவிடும். இறைத்த நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்ப் பாசனமாகிறது என்பதையும் மறைக்கலாகாது. எனினும் சுற்றுப்புறக் கிராமத்தவர் கிணறுகள் ஆழ்ந்துகொண்டே போவதைப் பற்றிப் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். வேருக்கு எட்டாத நீரைப் பற்றிப் பேசுகிற உழவரிடம், இலைக்குத் தெளிக்க ஒரு குப்பியை நீட்டுகிறோம்.

2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றின் மாற்றுக் கால்வாய்க்காக, கதிர் முற்றாத நெல் வயலில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது, பயிரிட வேண்டாம் என்று எச்சரித்திருந்தோம் என்றது நிறுவனம். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். இழப்பீடும் தரப்பட்டது. இழப்பீடு வேண்டாம் என்று எந்த உழவருக்கும் நான் சொல்ல மாட்டேன். பூ உதிரும் வேளையில் டி.ஏ.பி. தெளிக்க வேண்டும், வாழ்க்கை உதிரும் வேளையில் பணம் வேண்டும். ஆனால் ஒரு வட்டாரத்தின் நீரும் நிலமும் என்னவாகும் என்ற கேள்விக்கு, ஒவ்வொரு முறையும் ஒரு தெளிப்பையே விடையாகத் தருவதை நாம் பழக்கமாக்கிக்கொண்டு விட்டோம். உடனே பச்சை தெரிகிறது. பத்து நாள் எல்லோருக்கும் நிம்மதி. அந்தப் பச்சைதான் தொட்டியைக் கவிழ்த்துப் பார்க்கவிடாமல் நம்மைத் தடுக்கிறது.

தெளிப்பவர் தெளிக்கட்டும். தெளித்த கையோடு, இதற்குக் கிடைத்த அவகாசத்தில் வேருக்கு என்ன செய்யப்போகிறோம் என்று கேட்டுக்கொண்டால் அது மருத்துவம். கேட்காவிட்டால் அது வெறும் ஒப்பனை.

அந்தக் கறிவேப்பிலையின் அழுகிய வேர்களைக் கழித்து, பாதிக் கிளைகளை வெட்டி, மணலும் தொழுவுரமும் கலந்த புது மண்ணில் அம்மா நட்டார். துளைமேல் ஓட்டுச் சில்லு வைத்தார். இரண்டு மாதம் அது குச்சியாகவே நின்றது. தெளிக்கலாமா என்று நான் கேட்டபோதெல்லாம், “இலையே இல்லை, எதுல தெளிப்ப?” என்றார். மூன்றாம் மாதம் துளிர்த்தது. இப்போது அது வாசலில்தான் நிற்கிறது. சாம்பல் படியத்தான் செய்கிறது. காலையில் வெறும் தண்ணீரைத் தெளித்துக் கழுவிவிடுகிறோம்.