சமுத்திரத்துக் குளிர்ச்சி யாருக்கு?

சுற்றிலும் சமுத்திரமிருக்க, நடுவிலுள்ள ஜனங்கள் குடிநீருக்குத் தவிப்பதை விதி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். லட்சத்தீவைச் சேர்ந்த கவரத்தியில் அந்த விதியை 2005-ம் வருஷத்திலேயே ஒரு குழாய் மாற்றிவிட்டது.

சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் அங்கே சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீரை ஏற்றினார்கள். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட அறைக்குள் மேல்கடல் நீரை விட்டால், அது அடுப்பில்லாமலே ஆவியாகிறது. அந்த ஆவி, ஆழ்நீர் ஓடும் குழாய்களின்மேல் பட்டுக் குடிநீராகச் சொட்டுகிறது. நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் கொடுப்பதற்கென்று அமைத்த யந்திரம் அது. இதில் மந்திரமுமில்லை, மாயமுமில்லை.

ஆனால் தோழர்களே, பம்பை ஓட்ட மின்சாரம் வேண்டுமே! தீவில் அது பெரும்பாலும் கப்பலில் வரும் டீசலிலிருந்துதான் கிடைத்து வந்திருக்கிறது. கடலிலேயே மின்சாரம் எடுத்தாலென்ன? எடுக்கலாம். மேல்நீருக்கும் ஆழ்நீருக்கும் 20 டிகிரி வித்தியாசமிருந்தால், அந்த ஆவியைக்கொண்டே சக்கரத்தைச் சுற்றவைக்கலாம். 1930-ல் பிரெஞ்சுக்காரராகிய ஜார்ஜ் கிளோட் என்பவர் கியூபாவில் 22 கிலோவாட் எடுத்துக் காட்டினார். அதற்குச் செலவான மின்சாரமோ அதைவிட அதிகம். ஹவாயில் 1993 முதல் 1998 வரை நடந்த நிலையம் 255 கிலோவாட் உண்டாக்கியபோது, பம்புகளும் மற்றவையும் தின்றது போக மிஞ்சியது 103.

இந்தக் கணக்கைக் காட்டி ‘இது ஆகாத காரியம்’ என்பவர்கள் உண்டு. தேங்காயை உடைத்து, உள்ளேயிருக்கும் தண்ணீரை மட்டும் அளந்து பார்த்துவிட்டு, நஷ்டம் என்று பருப்பை வீசியெறிகிறவனை எந்த ஊரிலாவது வியாபாரி என்பார்களா? ஹவாய் நிலையத்தில் ஆவியின் ஒரு பங்கு குடிநீருமாயிற்று. ஆழ்நீரைக் கொண்டு அவ்விடத்துக் கட்டடங்களையும் குளிரவைத்தார்கள். செலவெல்லாம் குழாயில்தான், குழாய் ஒன்று, வரவு மூன்று.

அந்த மூன்றாவது வரவைப்பற்றியே நாம் கேட்கிறோம். போரா போரா தீவில் ஒரு சொகுசு ஹோட்டல் 2006 முதல் ஆழ்நீரைக் கொண்டு தன் அறைகளைக் குளிர்விக்கிறது. பணக்கார விருந்தாளிக்குக் கட்டுப்படியாகிற குளிர்ச்சி, ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருப்பவனுக்கு மட்டும் கட்டுப்படியாகாதோ? சூரை பிடிக்கிற மீனவனுக்கு ஐஸ் வேண்டும். ஆழ்நீரால் நேரே ஐஸ் உறையாதுதான். ஆனால் ஐஸ் யந்திரத்தின் சூட்டைத் தணித்து, அதன் மின்சாரச் செலவைக் குறைக்க முடியும்.

கவரத்தியில் மின்சாரத்தையும் குடிநீரையும் சேர்த்தெடுக்கும் நிலையத்துக்கான வேலையையும் சென்னைக் கழகத்தாரே மேற்கொண்டிருக்கிறார்கள். அதற்கு வரவு செலவு எழுதும் அதிகாரிகள் குளிர்ச்சிக்கும் ஒரு பத்தி ஒதுக்கி, அதில் ஆஸ்பத்திரியையும் மீன் கிடங்கையும் முதலில் எழுதட்டும். இல்லாவிட்டால், அத்தனை செலவில் மேலே ஏற்றிய குளிர்நீர் குளிர்ச்சியோடேயே கடலுக்குத் திரும்பிவிடும்.