காட்டுக்குத் திரும்பும் கன்றுகள்

இலங்கையின் மிகப் பழைய மிருகக்காட்சிச்சாலை தெஹிவளையில் இருக்கிறது. காட்டு விலங்குகளை வெளிநாடுகளுக்கு விற்றுவந்த ஜேர்மனியரான ஜோன் ஹாகன்பெக் அங்கே வைத்திருந்த விலங்குகளே அதன் தொடக்கம். அதை நடத்திய கம்பனி நொடித்துப்போனதால், 1936இல் அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. கிழக்கிலிருந்து பாடசாலைச் சுற்றுலா போன பல தலைமுறைப் பிள்ளைகள் சிங்கத்தையும் ஒட்டகச்சிவிங்கியையும் முதன்முதலில் கண்டது அங்கேதான். அதன் பணிப்பாளராக இருந்த லின் டி அல்விஸ், கம்பிக் கூடுகளைக் குறைத்து அகழிகளால் விலங்குகளைப் பிரித்துவைக்கும் சிங்கப்பூர் மிருகக்காட்சிச்சாலையின் உருவாக்கத்துக்கும் ஆலோசகராக இருந்தார்.

பார்வைக்கு வைப்பது ஒரு பணி. காப்பாற்றுவது வேறு பணி. தாயை இழந்த யானைக் கன்றுகளுக்காக 1975இல் பின்னவல சரணாலயம் தொடங்கியது. 1978இல் அது மிருகக்காட்சிச்சாலைத் திணைக்களத்தின் கீழ் வந்தது. 1984இல் முதற்கன்று அங்கேயே பிறந்தது. 2021 ஓகஸ்டில் பிறந்த இரட்டைக் கன்றுகள் உலகச் செய்தியாயின. ஆனால் பின்னவலையில் வளரும் யானை மனிதரை நம்பியே வாழ்கிறது. பாகன், சங்கிலி, ஆற்றுக் குளிப்பு, வேடிக்கை பார்க்கும் கூட்டம் என்றே அதன் வாழ்நாள் கழிகிறது.

உடவளவையில் 1995இல் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் தொடங்கிய யானைக் கன்றுகள் இடைத்தங்கல் நிலையம் வேறு வழியில் போனது. கிணற்றில் விழுந்தவை, பொறியிலும் துவக்குச் சூட்டிலும் காயப்பட்டவை, தாய் கொல்லப்பட்டுத் தனித்தவை அங்கே கொண்டுவரப்படுகின்றன. பால் கொடுப்பது புனலும் குழாயும் கொண்டுதான். பார்வையாளர் தூரத்து மேடையிலிருந்து பால் கொடுக்கும் நேரத்தில் மட்டுமே பார்க்கலாம்; தொட்டுத் தடவ இடமில்லை. மனித வாடைக்குப் பழகிய யானை பின்னாளில் ஊருக்குள் இறங்கும் என்பதே இந்தக் கண்டிப்புக்குக் காரணம். மற்ற நேரங்களில் கன்றுகள் ஒன்றோடொன்று கூடி மேய்ந்து, தமக்குள் ஒரு கூட்டமாகின்றன. ஏறத்தாழ ஐந்து வயதில் அந்தக் கூட்டமாகவே காட்டில் விடப்படுகின்றன. சிலவற்றின் கழுத்தில் ரேடியோப் பட்டி கட்டி நடமாட்டத்தைக் கண்காணிக்கிறார்கள். 1998 முதல் இப்படிக் காட்டுக்குத் திரும்பியவை நூற்றுக்கும் மேல். விடுவிக்கப்பட்ட பெண் யானைகள் சில காட்டிலேயே கன்றும் ஈன்றிருக்கின்றன. பாதுகாப்பு என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உடையது இந்த வேலைதான்.

ஆனாலும் அனாதைக் கன்றுகள் வந்துகொண்டே இருக்கின்றன. 2011 கணக்கெடுப்பில் நாடெங்கும் 5,879 யானைகள் இருந்தன. 2023இல் மட்டும் நானூற்றுக்கும் மேற்பட்டவை இறந்தன. அதே ஆண்டில் யானைகளால் நூற்றுக்கும் அதிகமான மனித உயிர்களும் போயின. அம்பாறை மாவட்டத்தின் வரிப்பத்தான்சேனை, இறக்காமம் பக்கத்து வட்டைகளில் வேளாண்மை விளையும் காலத்தில் இரவுக் காவல் என்பது விவசாயிக்கு உயிரைப் பணயம் வைக்கும் காரியம். அவருடைய நட்டத்துக்கு உரிய நேரத்தில் இழப்பீடு கிடைக்காமல், யானையைக் காப்பாற்று என்று அவரிடம் சொல்வது நியாயமில்லை.

அம்பாறைக் கரையோரத்துக்குத் தனியாக ஒரு பொறுப்பும் உண்டு. பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் உணவு தேடிவந்த யானைகளில் சுமார் இருபது, எட்டு ஆண்டுகளுக்குள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. இறந்தவற்றின் வயிற்றில் பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் இருந்தன. அந்தக் குப்பை சுற்றியுள்ள ஊர்களின் வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் போனது. சாப்பாட்டுக் கழிவைப் பொலித்தீன் பையில் கட்டி வீசாமல் வேறாக்கிக் கொடுப்பதை ஒவ்வொரு வீடும் இந்த வாரமே தொடங்கலாம். மேட்டைச் சுற்றி உறுதியான வேலி அமைத்துப் பராமரிக்கும் கடமை உள்ளூராட்சி சபைகளுடையது. அதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.