தோல் ஒட்டு அறுவை சிகிச்சை: தொடைக் காயத்துக்கு எந்தக் கட்டு நல்லது?

அவிநாசி சாலையில் பைக் விபத்து, பவுண்டரியில் உருகிய உலோகம் தெறித்த தீக்காயம், மில் இயந்திரத்தில் சிக்கிய கை... கோவை வட்டாரத்தில் இப்படிப் பல காயங்கள் தோல் ஒட்டு அறுவை சிகிச்சை வரை போகின்றன. முடிந்து வார்டுக்கு வந்ததும் நோயாளிகள் பலர் சொல்வது: "அடிபட்ட இடம்கூட பரவால்லைங்க, தொடையில தோல் எடுத்த இடம்தான் தாங்க முடியல."

காரணம் இருக்கு. தொடையில் மெல்லிய தோலைச் சீவி எடுக்கும்போது நரம்பு நுனிகள் வெளியே தெரிகின்றன. ஆக, இப்போது காயம் இரண்டு. கட்டும் இரண்டு விதம்.

ஒட்டிய தோல் முதல் இரண்டு நாள் அடியில் ஊறும் நீரை உறிஞ்சித்தான் உயிரோடு இருக்கும். ரத்தக் குழாய்கள் இணைய சுமார் 5 நாள் ஆகும். அதற்குள் நகர்ந்தாலோ, அடியில் ரத்தம் தேங்கினாலோ பிடிக்காது. அதனால் ஒட்டாத பாரபின் காஸ், மேலே பஞ்சு, இறுக்கமான கட்டு. சிலருக்கு வாக்குவம் இயந்திரம். இது டாக்டர் முடிவு. காய்ச்சல், துர்நாற்றம் இருந்தால் உடனே சொல்லணும். மற்றபடி "பிரிச்சுப் பார்க்கலாமா" என்ற அவசரம் வேண்டாம்.

கேள்வி கேட்க வேண்டிய இடம் தொடைதான். நெதர்லாந்தில் 14 மருத்துவமனைகளில் ஆறு வகைக் கட்டுகளை ஒப்பிட்ட ஆய்வு 2013-ல் வெளியானது. ஈரப்பதம் காக்கும் ஹைட்ரோகொலாய்டு கட்டில் புண் 16 நாளில் ஆறியது. மற்றவற்றில் 23 நாள். காஸ் கட்டியவர்களில் 18 சதவீதம் பேருக்குத் தொற்று, மற்றவர்களில் 7.6 சதவீதம். வலி குறைவாக இருந்தது பிலிம் கட்டில்.

விலை குறைவான வழியும் சோதிக்கப்பட்டிருக்கு. மும்பை சயான் மருத்துவமனை மருத்துவர்கள் இதே தொடைக் காயத்துக்கு வாழை இலைக் கட்டைப் பயன்படுத்தி 2003-ல் ஆய்வு வெளியிட்டனர். அது ஆட்டோகிளேவில் கிருமி நீக்கிய இலை. தோட்டத்தில் அறுத்து வந்து வீட்டில் கட்டுவது தொற்றை விலைக்கு வாங்குவது.

செலவு யார் தலையில்? 'நம்மைக் காக்கும் 48' திட்டம் சாலை விபத்தில் முதல் 48 மணி நேரத்துக்குத்தான். புண் சுத்தமான பிறகே தோல் ஒட்டுவார்கள். பெரும்பாலும் அதற்குள் அந்தக் கெடு முடிந்துவிடும். அதன்பின் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உதவலாம், இல்லாவிட்டால் கைக்காசு செலவாகலாம். தொடை ஆற இரண்டு, மூன்று வாரம் ஆகும். டிஸ்சார்ஜ் அதற்கு முன்பே நடக்கலாம். வீட்டுக்குப் போன பிறகு மாற்றும் கட்டு காப்பீட்டில் வருமா, எத்தனை முறை மாற்றணும், ஹைட்ரோகொலாய்டு கிடைக்குமா என்று அறுவைக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

தொடையில் காஸ் காய்ந்து ஒட்டிக்கொண்டால் பிய்க்கக் கூடாது. அடியில் தோல் வளர வளர அது ஓரத்திலிருந்து தானே விடும். விட்ட பகுதியை மட்டும் நர்ஸ் கத்தரித்து எடுப்பார்.