இருப்பிடம் அறிதலும் சுமை பகிர்தலும்

தமிழ் பயில்வோர் கணினியைப் பற்றி எழுதப் புகுதல் தகுமோ என நண்பர் சிலர் எம்மை வினவினர். தேர்வுக் கட்டணம் செலுத்துதல் முதல் விடுதி அறைக்கு விண்ணப்பித்தல் ஈறாக யாவும் வலைவழியே நடைபெறும் இந்நாளில், அவ்வலைச் சேவைகள் தம்முள் ஒன்றையொன்று எங்ஙனம் கண்டுகொள்கின்றன என்பதை அறிய இலக்கிய மாணவர்க்கும் உரிமையுண்டு. கட்டணத்தின் இறுதி நாளன்று பக்கம் திறவாமல் இரவெல்லாம் கண்விழித்தோர் இதனை மறுக்கார். யாமும் அவருள் ஒருவரே.

முன்னாளில் ஒரு பயன்பாடு முழுவதும் ஒரே சர்வரில் அமைந்திருந்தது. இற்றைநாளில் அஃது கணக்கு, கட்டணம், அறிவிப்பு எனப் பல சிறு சேவைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் பல படிகளாக இயங்குகின்றது. கூட்டம் மிகும்போது புதுப்படிகள் தோன்றும், குறையும்போது மறையும், தோன்றுந்தோறும் முகவரி வேறுபடும். ஆதலின் முகவரியை நிரலுள் எழுதிவைத்தல் இயலாது. ஒரு பதிவேடு வேண்டும். தோன்றிய படி தன் முகவரியை அதிற் பதிந்து, ‘உயிரோடிருக்கின்றேன்’ என்று இடையிடையே நாடித்துடிப்புப்போல் அறிவித்துக்கொண்டிருக்கும். அறிவிப்பு நின்றால் பெயர் அடிக்கப்படும். இதுவே சேவையின் இருப்பிடம் அறிதல்.

இக்கருத்துப் புதிதன்று. அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையில் எல்லாக் கணினிகளின் பெயரும் முகவரியும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்திற் பேணப்பட்டன. ஏனையோர் அதனைப் படியெடுத்துக்கொண்டனர். கணினிகள் பெருகவே அம்முறை தாங்காதாயிற்று. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டி.என்.எஸ். என்னும் பரந்த பெயரமைப்பை வகுத்தார். இன்றைய பதிவேடுகள் அதன் வழிவந்தவையே. ஆயின் இவை நொடிக்கு நொடி மாறுவன.

நிற்க. பல படிகளுள் எதனிடம் செல்வது? சர்வர் என்னும் சொல் உணவுச்சாலையிற் பரிமாறுவோர்க்கும் வழங்குதலின், நம் விடுதி உணவறையையே சான்றாகக் கொள்வோம். வருவோரை முறைவைத்து ஒவ்வொரு வரிசைக்கும் அனுப்புதல் ஒருவகை. பரிமாறுவோருள் ஒருவர் மெல்ல நடப்பவராயின் அவர் வரிசை மட்டும் வாயில்வரை நீளும். குறுகிய வரிசைக்கே யாவரையும் அனுப்புதல் பிறிதொரு வகை. அச்செய்தி சற்றே பழையதாயின், அனைவரும் ஒரே வரிசையிற் சென்று மோதுவர். 1996-இல் மைக்கேல் மிட்ஸன்மாக்கர் தம் ஆராய்ச்சி நூலில் விரித்தாய்ந்த வழி எளிது: எவையேனும் இரண்டு வரிசைகளைப் பார், அவற்றுட் குறுகியதிற் சேர். ஒன்றைக் கண்மூடித் தேர்தலினும் இரண்டை ஒப்புநோக்கித் தேர்ந்தால், மிக நீண்ட வரிசையும் வியப்புறும் அளவிற்குக் குறைகின்றது. எம் அறைத்தோழர் இதனை உணவறையிற் செய்துபார்த்துச் சாம்பார் ஆறுமுன் உண்டதாகக் கூறுகின்றார். அதனை யாம் சான்றாகக் கொள்ளவில்லை.

இனி எமது வழக்கிற்கு வருவோம். இவ்வமைப்புக்களைச் சேர்ப்போர் பெரும்பாலும் பதிவேடு விரைவாக மறக்கவேண்டும் என்றே விரும்புகின்றனர். விடைதராத சர்வரை உடனே நீக்குக என்பது அவர் விதி. பதிவேடு எளிதில் மறவாததாதல் வேண்டும் என்பது எமது கொள்கை.

2025 அக்டோபர் 20-ஆம் நாள் அமேசான் நிறுவனத்தின் வட வர்ஜீனியா நிலையத்தில் நிகழ்ந்ததை எண்ணுக. டைனமோ டிபி என்னும் தரவுக் களஞ்சியத்தின் முகவரிகளை டி.என்.எஸ்.இல் எழுதும் தானியங்கிகளுள் ஒன்று காலந்தாழ்த்திப் பழைய திட்டத்தைப் புதியதன்மேல் எழுதிற்று. மற்றொன்று பழையவற்றைத் துப்புரவு செய்யப்புகுந்து அதனையே அழித்தது. களஞ்சியம் நலமாயிருந்தது, அதன் முகவரி மட்டும் வெறுமையாயிற்று. அதனை நம்பிய சேவைகள் பல வீழ்ந்தன. அதே நாளிற் பின்னர், சுமை பகிரும் கருவிகளின் நலச்சோதனை தடுமாறி, நல்ல சர்வர்களையும் நீக்குவதும் சேர்ப்பதுமாய் அலைந்தது. பொறியாளர் அத்தானியங்கு நீக்கத்தைக் கையால் நிறுத்தவேண்டியதாயிற்று.

நெட்பிளிக்ஸ் நிறுவனத்தார் 2012-இல் பொதுவாக்கிய யுரேகா என்னும் பதிவேட்டை யாம் போற்றுவது இதனால்தான். இயல்பான அமைப்பில் ஒவ்வொரு படியும் 30 விநாடிக்கு ஒருமுறை துடிப்பறிவிக்கும். 90 விநாடி ஓசையில்லையேல் பெயர் நீங்கும். ஆயின் வரவேண்டிய துடிப்புக்களுள் 85 விழுக்காட்டிற்குக் குறைந்தவையே வருமாயின், யுரேகா எவரையும் நீக்காது நின்றுவிடும். ஒரே கணத்தில் எல்லாரும் மாண்டனர் என்று நம்புவதினும் தன் செவியிற் பழுதுளது என்று ஐயுறுவது அதன் பண்பு.

இறந்தவரிடம் வழிப்போக்கரை அனுப்புதல் முறையோ எனிற் கூறுதும். பழைய பட்டியலிற் பத்துப் பெயருள் மூன்று பொய்யாயினும் ஏழு மெய். கேட்போர் அடுத்த பெயரை நாடலாம். வெற்றுப் பட்டியலில் நாடுதற்கு யாதுமில்லை. ஆயினும் மறுமுயற்சிக்கு ஓர் எல்லை வேண்டும். யாவரும் ஓயாது முயன்றால் எஞ்சிய எழுவரும் சாய்வர். ஒரு விலக்கும் உளது. பணக்கணக்கில் எழுதும் தலைமைச் சர்வர் ஒன்றே இருத்தல்வேண்டும் என்னுமிடத்துப் பழைய செய்தி கேடு விளைக்கும். இரு தலைமை தோன்றிக் கணக்குப் பிளவுபடும். அங்கே ஸூகீப்பர், எட்சிடி போன்ற கண்டிப்பான பதிவேடுகளே தக்கன.

கணினித்துறைத் தோழர்க்கு ஒரு சொல். நம் கல்லூரிப் பயன்பாடுகள் சிறியன. இரண்டு சர்வர்களும் அவற்றின்முன் என்ஜின்எக்ஸ் ஒன்றும் அவற்றுட் பலவற்றிற்குப் போதும். பெருநிறுவனத்தார் அணிந்த சட்டையை அளவு பாராது அணியவேண்டுவதில்லை. எனினும் அடுத்த தேர்வுக் கட்டண நாள் வருமுன், ஒருநாள் மாலை சர்வர்களுள் ஒன்றை நீரே நிறுத்திப் பாரும்; பின்னர்ப் பதிவேட்டையும் பத்து நிமிடம் நிறுத்திப் பாரும். விடுதியில் யாம் விழித்திருந்து பக்கம் திறக்கின்றதா என்று சொல்லுகின்றோம்.