எட்டரை மணிப் பள்ளியைக் கைவிட்ட ஃபுளோரிடா

பருவ வயதில் உறக்கத்தின் தேவை பெரிதாகக் குறைவதில்லை. உறக்கம் வரும் நேரம்தான் தள்ளிப்போகிறது. இதை ஏற்றுக்கொண்டு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 2023இல் ஒரு சட்டம் இயற்றியது. நடுநிலைப் பள்ளிகள் காலை 8 மணிக்கு முன்பும் உயர்நிலைப் பள்ளிகள் 8.30க்கு முன்பும் தொடங்கக் கூடாது, 2026 ஜூலைக்குள் எல்லா மாவட்டங்களும் மாறிவிட வேண்டும் என்றது அச்சட்டம். கலிஃபோர்னியாவுக்கு அடுத்து இப்படிச் செய்த இரண்டாவது மாநிலம் ஃபுளோரிடா. கெடு நெருங்குவதற்குள், 2025 மே மாதம், அச்சட்டத்துக்கு ஒப்புதல் தந்த அதே ஆளுநரின் கையெழுத்துடன் கட்டாயம் நீக்கப்பட்டது. தொடக்க நேரத்தை மாற்றினால் ஆகும் செலவையும் வரும் சிக்கலையும் எழுதி ஓர் அறிக்கை கொடுத்தால் மாவட்டங்களுக்கு இப்போது போதுமானது. இரண்டு ஆண்டுகளில் மனித உடலில் எதுவும் மாறவில்லை.

உறக்கத்தை இரண்டு இயக்கங்கள் ஆள்கின்றன என்று 1982இல் அலெக்சாண்டர் போர்பேலி விளக்கினார். முதலாவது, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஏறிக்கொண்டே போகும் உறக்க அழுத்தம். மூளையில் சேரும் அடினோசின் இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. காபியில் உள்ள கஃபீன் இந்த அடினோசினின் வேலையைத்தான் சற்று நேரம் மறிக்கிறது, அழுத்தத்தைக் குறைப்பதில்லை. இரண்டாவது, உடலின் உள்கடிகாரம். பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே இருக்கும் சிறு நரம்பணுக் கூட்டம் ஒளியைக் கொண்டு பகலிரவைக் கணித்து, இருட்டியதும் மெலடோனின் சுரக்க வழிவிடுகிறது. இந்தக் கடிகாரம் உயிரணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்ததற்காகவே ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

பூப்பெய்தும் வயதில் இவை இரண்டுமே மாறுகின்றன. மெலடோனின் சுரப்பு இரண்டு மணி நேரம் வரை தாமதமாகிறது. உறக்க அழுத்தமும் மெதுவாக ஏறுகிறது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடன் இந்தத் தாமதத்தைப் பூப்பின் படிநிலையோடு இணைத்துக் காட்டியது 1993இல். பதினாறு வயதுப் பிள்ளை இரவு 11 மணிக்கு முன் தூங்க முடியாமல் புரள்வது அதன் உடல் செய்யும் வேலை. அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம். ஃபுளோரிடாவில் பல உயர்நிலைப் பள்ளிகள் 7.30க்கு முன்பே மணி அடித்துவிடுகின்றன. பேருந்தைப் பிடிக்க 5.30க்கு எழ வேண்டிய பிள்ளைக்கு மிஞ்சுவது ஆறரை மணி நேரம். வெட்டுப்படுவது இரவின் கடைசிப் பகுதி. கனவு மிகுந்த விழியசைவு உறக்கம் அதில்தான் அதிகம்.

நேரத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குச் சியாட்டில் பதில் சொல்லியிருக்கிறது. அந்நகரத்தின் பொதுப் பள்ளிகள் 2016 இலையுதிர்காலத்தில் உயர்நிலை வகுப்புகளின் தொடக்கத்தை 7.50இலிருந்து 8.45க்குத் தள்ளின. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரூஸ்வெல்ட், ஃபிராங்க்ளின் என்ற இரு பள்ளிகளில், மாற்றத்துக்கு முந்தைய வசந்தத்தில் 92 மாணவர்களுக்கும் அடுத்த வசந்தத்தில் 88 மாணவர்களுக்கும் மணிக்கட்டில் அசைவுமானியைக் கட்டி இரண்டு வாரம் அளந்தார்கள். ‘எவ்வளவு நேரம் தூங்கினாய்’ என்று கேட்டு எழுதிக்கொண்ட கணக்கன்று. கருவி காட்டிய கணக்கு. உறக்கம் 6 மணி 50 நிமிடத்திலிருந்து 7 மணி 24 நிமிடமாக உயர்ந்தது. முப்பத்து நான்கு நிமிடம்! பள்ளி தள்ளிப்போனால் பிள்ளைகள் இன்னும் நேரங்கழித்துப் படுப்பார்கள் என்ற ஆரூடம் பொய்த்தது: படுக்கும் நேரம் ஏறக்குறைய மாறவேயில்லை, கிடைத்த கூடுதல் நேரம் பெரும்பாலும் உறக்கத்துக்கே போனது. மதிப்பெண் 4.5 விழுக்காடு கூடியது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் ஃபிராங்க்ளினில் வருகைப்பதிவும் மேம்பட்டது. மருந்தில்லை, புதிய பாடத்திட்டம் இல்லை, கூடுதல் ஆசிரியர் இல்லை. மணி அடிக்கும் நேரம் மட்டும் மாறியது. கல்வித்துறை சீர்திருத்தங்களில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தந்தது வேறு எது என்று எதிர்ப்பாளர்கள்தான் சொல்ல வேண்டும்.

அவர்கள் சொல்வதெல்லாம் பழைய பல்லவி. கைப்பேசியைப் பிடுங்கினால் போதுமாம். கார்ஸ்கடனின் ஆய்வு வந்தபோது திறன்பேசியே பிறக்கவில்லை. சீக்கிரம் எழுவது ஒழுக்கமாம். தமிழ்நாட்டு வீடுகளிலும் நாலு மணிக்கு எழுந்து படித்தால்தான் மனதில் நிற்கும் என்ற நம்பிக்கை தளராமல் இருக்கிறது. படித்தது மனதில் நிற்க உறக்கமே துணை என்பதை அந்த நம்பிக்கை கேட்டறிந்ததில்லை. சனி, ஞாயிறில் சேர்த்துத் தூங்கலாம் என்பது இன்னொன்று. விடுமுறையில் பதினொரு மணி வரை தூங்கும் பிள்ளையின் கடிகாரம் மேற்கே விமானம் ஏறிப்போனதுபோல் பின்தங்கிவிடுகிறது. திங்கட்கிழமை காலை அது திரும்பி வந்தாக வேண்டும். டில் ரோனபெர்க் இதைச் ‘சமூக ஜெட்லாக்’ என்று 2006இல் பெயரிட்டார்.

பேருந்துதான் உண்மையான தடை. ஒரே பேருந்து முதலில் உயர்நிலை, பிறகு நடுநிலை, கடைசியில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறது. வரிசையைக் கலைத்தால் வண்டியும் ஓட்டுநரும் கூடுதலாக வேண்டும். மாலை விளையாட்டு, பகுதிநேர வேலை, பெற்றோரின் அலுவலக நேரம் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றைத் தீர்க்கத்தான் சட்டம் மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்தது. அந்த அவகாசம் அறிக்கை எழுதுவதற்கான காரணங்களைத் திரட்டுவதில் கழிந்திருக்கிறது.

செலவுக் கணக்கு பேசுபவர்கள் வரவைப் பார்ப்பதில்லை. நாடு முழுவதும் 8.30க்கு மாறினால் பத்தாண்டில் அமெரிக்கப் பொருளாதாரத்துக்கு 83 பில்லியன் டாலர் கூடும் என்று ராண்ட் நிறுவனம் 2017இல் மதிப்பிட்டது. தேர்ச்சி விகிதத்தோடு, கார் விபத்துக் குறைவும் அந்தக் கணக்கில் உண்டு. வயோமிங்கின் ஜாக்சன் ஹோலில் பள்ளி 7.35இலிருந்து 8.55க்கு மாறியபின் பதின்வயது ஓட்டுநர்களின் விபத்து 70 விழுக்காடு குறைந்தது. சிற்றூர்க் கணக்குதானே என்று ஒதுக்குபவர்கள், தூக்கக் கலக்கத்தில் ஒரு பிள்ளை காரோட்டிச் செல்வதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 8.30 என்ற வரம்பைப் பரிந்துரைத்தது 2014இல். கலிஃபோர்னியாவில் 2018இல் ஓர் ஆளுநர் மசோதாவை நிராகரித்தார். அடுத்தவர் 2019இல் கையெழுத்திட்டார். 2022 ஜூலையில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அங்கும் பேருந்துகள் உண்டு, மாலை ஆட்டங்கள் உண்டு. பள்ளிகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஃபுளோரிடா பின்வாங்கியதற்கு அறிவியலில் காரணம் இல்லை. 2023 சட்டத்தை அந்த மாநிலம் அப்படியே மீட்க வேண்டும். பேருந்துச் செலவை மாவட்டங்களின் தலையில் கட்டாமல் மாநிலக் கருவூலமே ஏற்க வேண்டும். அதுவரை அங்கே மதிப்பெண் சரிவுக்கு மாணவர்களையோ ஆசிரியர்களையோ குறைசொல்ல எந்த அதிகாரிக்கும் தகுதியில்லை.