பனிமலையில் பட்டம், தேயிலை மலையில் மண்சரிவு



தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றுவதை உங்களிற் பலர் நேரிலோ படத்திலோ பார்த்திருப்பீர்கள். அங்கே மனிதன் பட்டத்தை இழுத்துப் பிடிக்கிறான். நோர்வே நாட்டில் பட்டம் மனிதனை இழுத்துக்கொண்டு போகிறது. காலில் பனியில் வழுக்கும் பலகை, இடுப்பில் இறுகக் கட்டிய பட்டி, இருபது மீற்றருக்கு மேல் நீண்ட நூல்களின் நுனியில் ஒரு பாயளவு பெரிய பட்டம். காற்றுப் பிடித்தவுடன் மோட்டார் சைக்கிள் வேகத்தில் வெண்பனியின் மேல் பறக்கிறார்கள். ஆண்களும் பெண்களும் இதில் இறங்குகிறார்கள். நோர்வேயில் உறவுகள் உள்ள வீடுகளில் இந்தப் படங்கள் கைத்தொலைபேசியில் வந்திருக்கும்.

"எங்களுக்கு இது எதற்கு?" என்று கேட்பீர்கள். விளையாட்டு எமக்குத் தேவையில்லைதான். அந்த விளையாட்டுக்காரர் மலையில் இடம் தெரிவுசெய்யும் முறைதான் இம்மாதம் எமக்குத் தேவை. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் சரிவின் மேலேயே பிள்ளை குட்டிகளோடு உறங்குகிறவர்கள் நாம்.

ஒஸ்லோவிலிருந்து பேர்கன் நகருக்குப் போகும் புகையிரதப் பாதையில் பின்சே என்று ஒரு நிலையம் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 1,222 மீற்றர். அந்த நாட்டின் மிக உயரமான புகையிரத நிலையம் அதுவே. எமது பட்டிப்பொல நிலையம் அதைவிட உயரம், 6,200 அடிக்கு மேல். ஆனால் பின்சே நிலையத்தில் வருடத்தில் பல மாதம் பனி மூடிக் கிடக்கும். அதை அடுத்துள்ள ஹர்டாங்கர்விட்டா என்ற மேட்டுநிலம் எமது ஹோட்டன் சமவெளியைப் போல, அதைவிடப் பன்மடங்கு பெரிய வெட்டவெளி. பட்டக்காரர் அங்கே கூடுவதற்குக் காரணம் அழகு மாத்திரமல்ல. தடுப்பில்லாத இடத்தில்தான் காற்று ஒரே சீராக வீசும். மலையின் மறைவில் நின்றால் காற்று விட்டு விட்டு அடித்துப் பட்டத்தைக் குத்திவிடும். காற்று இழுத்துப்போகும் திசையில் பாறை விளிம்பு, மின்கம்பி, வேலி எதுவும் இருக்கக்கூடாது. உறைந்த ஏரியாக இருந்தால் ஆறு உள்ளே வரும் இடத்தையும் வெளியே போகும் இடத்தையும் விலக்க வேண்டும், அங்கே பனிக்கட்டி மெல்லியது. மின்சாரத்துக்கு நீர் எடுக்கும் ஏரிகளில் நீர்மட்டம் இறங்கிவிட, மேலே உள்ள கட்டி வெறும் கூரையாக நிற்கும். காசல்ரீ, மவுஸ்சாகலை நீர்த்தேக்கங்களின் அருகில் வாழ்பவர்களுக்கு நீர்மட்டம் ஏறி இறங்குவதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும் விட அவர்கள் அஞ்சுவது பனிச்சரிவுக்கு. மலையில் குவிந்த பனி ஒரு பாளமாகக் கழன்று கீழே வருவது. சரிவு 30 பாகைக்கு மேல் இருந்தால் ஆபத்து என்பது அங்கே பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியும். பத்தடி முன்னே போகும்போது நிலம் ஏறக்குறைய ஆறடி உயர்ந்தால் அது 30 பாகை. அவ்வளவு செங்குத்தான சரிவில் ஏறாதே, அதன் அடியிலும் நிற்காதே என்கிறார்கள். அடியில் நிற்பது என்பதை அடிக்கோடிட்டு வாசியுங்கள். சமதரையில்தானே நிற்கிறோம் என்று நினைத்தவரைத்தான் மேலிருந்து வந்த பனி மூடுகிறது.

2013 முதல் அந்நாட்டு அரசு குளிர்காலத்தில் பிரதேசம் பிரதேசமாகப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. ஒன்றிலிருந்து ஐந்து வரை படி. அதற்கு முன்பே அவர்களிடம் மலைக்கான விதிகள் இருந்தன. 1967ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறைக் காலத்தில் மாத்திரம் 18 பேர் மலையில் மாண்டார்கள். அதன் பிறகு அந்த விதிகளை வீடு வீடாகக் கொண்டுசென்றார்கள். மொத்தம் ஒன்பது விதிகள். அவற்றுள் ஒன்று, நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கம் இல்லை என்பது. வெட்கத்தைப் பற்றி ஒரு பாதுகாப்பு விதியில் எழுத வேண்டி வந்திருக்கிறதே, பாருங்கள். பனியைவிட வெட்கம் அதிகம் பேரைக் கொன்றிருக்கும் போலும்.

அவர்கள் இடம் தெரிவுசெய்து விளையாடப் போகிறார்கள். எமது லயங்களுக்கு இடம் தெரிவுசெய்தவர்கள் அவற்றில் வாழப்போகிறவர்களாக இருக்கவில்லை. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தேயிலைக்கு ஆகாத துண்டு, வேலைத்தலத்துக்குக் கிட்டிய துண்டு என்று பார்த்து மலையை வெட்டி வரிசையாகக் கட்டினார்கள். பின்பக்கம் மண்மேடு, முன்பக்கம் பள்ளம். நூறு வருடத்துக்குப் பிறகு அதே லயத்தில் மூன்று தலைமுறை நெருக்கிக்கொண்டிருக்கிறது. பின்மேட்டைக் கொத்தி ஒரு குசினி இறக்குகிறோம், மேலே மரக்கறித் தோட்டம் போடுகிறோம், குளியல் நீரைச் சரிவிலேயே விடுகிறோம். மேல் மலையின் கான் தூர்ந்து கிடந்தால் மழைநீர் வழியின்றி மண்ணுக்குள் இறங்குகிறது. மண் நீரைக் குடித்துக் கனமாகி, அடியிலுள்ள பாறையிலிருந்து பிடி விடுகிறது. மண்சரிவு என்பது பெரும்பாலும் இவ்வளவுதான்.

2007 சனவரியில் வலப்பனை, ஹங்குராங்கெத்தப் பக்கம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தை. 2016 மே 17இல் அரநாயக்க. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைகள் ஒரே நேரத்தில் பல இடங்களில் இறங்கின. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

மீரியபெத்தையைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். அந்த மலை ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை வந்தது, கூடவே வீடு வரவில்லை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏழைக் குடும்பம் எங்கே போகும்? வேலை அங்கே, பாடசாலை அங்கே, கோயில் அங்கே. 2014இல் லயங்கள் மண்ணுக்குள் போயின. உடல்கள் பல மீட்கப்படவே இல்லை. எஞ்சியவர்கள் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் தங்கியிருந்து, பூனாகலைப் பக்கம் புது வீடு பெற்றது 2016இல். "அந்த மக்கள் சொன்னால் கேட்கமாட்டார்கள்" என்று உத்தியோகத்தர் யாராவது உங்களிடம் சொன்னால், இதை நினைவுபடுத்துங்கள்.

எனினும் ஒரு மழை இரவில் எழுந்து போவதா இருப்பதா என்பது எம் கையில் இருக்கிறது. அதற்கு அளவு வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருங்கள் என்று மஞ்சள். 100 ஆனால் புறப்படத் தயாராகுங்கள் என்று செம்மஞ்சள். 150 ஆனாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ வெளியேறுங்கள் என்று சிவப்பு. ஆனால் வானொலியில் சொல்லப்படும் அளவு பிரதேசத்துக்கானது. மலையில் ஒரு டிவிசனில் கொட்டும் மழை அடுத்த டிவிசனில் தூறலாக இருக்கும். தென்மேற்குப் பருவத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, கினிகத்தேனை, நோர்வூட், மஸ்கெலியா பக்கம் நனையும். வலப்பனை, பதுளைப் பக்கத்துக்குப் பயம் மார்கழியை அண்டித்தான். இடையில் ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகல் இடிமழை இரு பக்கத்தையும் விடாது. ஆகவே உங்கள் லயத்து மழையை நீங்களே அளக்க வேண்டும்.

செலவில்லாத வேலை. நேரான உடல் உள்ள பெரிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் கழுத்துப் பகுதியை வெட்டி, அதைத் தலைகீழாகப் புனல் போல அதிலேயே செருகுங்கள். அடிப்பக்கம் வளைவாக இருக்கும், ஆகவே சிறு கற்களைப் போட்டு, நேரான பகுதி தொடங்கும் வரை நீர் ஊற்றி அங்கே சுழியம் என்று கோடு போடுங்கள். அதற்கு மேல் பிள்ளையின் அடிமட்டத்தால் ஏழரைச் சென்ரிமீற்றரில் ஒரு கோடு, பத்தில் ஒன்று, பதினைந்தில் ஒன்று. இவைதான் 75, 100, 150. போத்தல் குட்டையாக இருந்தால் நிரம்புமுன் அளந்து எழுதிவிட்டு நீரைச் சுழியத்துக்கு இறக்கிவிடுங்கள், பிறகு கூட்டிக்கொள்ளலாம். கூரை நீரும் மரத்து நீரும் விழாத வெளியில், சரிந்துவிடாமல் ஒரு தடியோடு கட்டிவையுங்கள். தினமும் காலை பிரட்டுக்குப் போகுமுன் பார்த்து எழுதி வெறுமையாக்குவது பாடசாலை செல்லும் பிள்ளைக்கு நல்ல வேலை.

கோட்டைத் தொடாமலும் மலை பேசும். சுவரிலோ நிலத்திலோ புது வெடிப்பு தோன்றி நாளுக்கு நாள் அகலுதல், நேற்றுவரை பூட்டிய கதவு இன்று இறுகுதல், மரமும் தூணும் சாய்தல், நீர் இல்லாத இடத்தில் ஊற்று வருதல், தெளிந்த பீலி நீர் திடீரெனக் கலங்குதல் அல்லது அடியோடு நிற்றல். இவற்றில் ஒன்றைக் கண்டால் கிராம உத்தியோகத்தருக்கும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் சொல்லுங்கள், அங்கே இரவும் பகலும் ஆள் உண்டு. மேலே இரைச்சல் கேட்டால் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. ஓடையையும் பள்ளத்தையும் பிடித்துக் கீழே ஓடாதீர்கள், மண் அந்த வழியேதான் வரும். பக்கவாட்டில் விலகி உறுதியான மேட்டுக்குப் போங்கள். மழை விட்ட பின்பும் மண் இறங்குவதுண்டு. வெயில் எறித்தது என்று அன்றே திரும்பிவிடக் கூடாது.

எம் வாசகிகளிற் பலருக்கு இடம்பெயர்வு புதிதல்ல. 1977இலும் 1983இலும் தோட்டத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி என்று போய், அங்கே போருக்குள் அகப்பட்டு மீண்டவர்களும் இருக்கிறீர்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், மருந்துச்சீட்டு எல்லாம் ஒரு பொலித்தீன் பையில் தலைமாட்டில் வைத்து உறங்கிய பழக்கத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்தப் பையை மழைக்காலத்தில் மறுபடி எடுத்து வையுங்கள். ஒன்று மட்டும் தலைகீழாக மாறுகிறது. ஷெல் விழுந்தபோது மண்ணுக்குள் இறங்கியவர்கள் பிழைத்தோம். இங்கே மண்ணை விட்டு விலகினால்தான் பிழைப்பு. பயத்தில் உடல் பழைய வழக்கப்படி கட்டிலின் கீழும் சுவரோரமும் ஒதுங்கப் பார்க்கும். பிள்ளைகளோடு பகலில் இரண்டு தரம் நடந்து பழகினால், இரவில் கால் வழியறியும்.

போகாமல் இருப்பதற்குப் பெண்களிடம் உள்ள காரணங்கள் சின்னவை அல்ல. கணவர் கொழும்பில் வேலை, கேட்காமல் வீட்டைப் பூட்டலாமா? ஆடு மாடு யார் பார்ப்பது? நாளை பேர் போடாவிட்டால் சம்பளம் போகுமே? போனதும் ஒன்றும் நடக்காவிட்டால் லயத்தில் சிரிப்பார்களே? எல்லாவற்றுக்கும் மேலாக, பாடசாலை மண்டபத்தில் ஆண்களோடு ஒரே தளத்தில் குமர்ப்பிள்ளையை எப்படிப் படுக்க வைப்பது, கழிவறைக்கு இருட்டில் எப்படி அனுப்புவது? தாயொருத்தி இதற்காகவே லயத்தில் தங்கிவிடுகிறாள். ஆகவே மாதர் சங்கம் மழைக்கு முன்பே அந்தப் பாடசாலையைப் போய்ப் பார்க்க வேண்டும். பெண்களுக்குத் தனி அறை, உள்ளே தாழ்ப்பாள் உள்ள கழிவறை, வெளிச்சம், மாதவிடாய்த் துணி, திறப்பு யாரிடம் என்பது. இவற்றை எழுதி அதிபரிடமும் பிரதேச செயலகத்திலும் கொடுத்துப் பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். தலைமை தாங்க ஆண் இல்லாத குடும்பங்கள், முதியோர், கைக்குழந்தைக்காரர் எந்தக் காம்பிராவில் என்று ஒரு பட்டியல் சங்கத்தில் இருக்கட்டும். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கத்து வீடு பொறுப்பு.

புது வீட்டுக்கு ஏழு பேர்ச்சோ பத்து பேர்ச்சோ காணி அளக்க வரும்போது, பெண்களும் அந்த நிலத்தில் போய் நில்லுங்கள். மேலே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழைய சரிவின் தழும்பு, தூர்ந்த கான், மேட்டை வெட்டிய புதுப் பாதை. பக்கத்தில் ஓடை எவ்வளவு அகலம் வரை பெருகும் என்று கிழவிகளைக் கேளுங்கள், அவர்களுக்கு ஞாபகமிருக்கும். கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்தக் காணியைப் பார்த்து எழுதிய அறிக்கை உண்டா, அதில் என்ன நிபந்தனை என்று கேட்டுத் தமிழில் விளக்கம் பெறுங்கள். அறிக்கை பின்னர் வரும், இப்போது கையொப்பமிடுங்கள் என்று அவசரப்படுத்தினால், அறிக்கை வந்த பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.